ஊரில் மூத்த கட்டடம் எது: கல்வெட்டைக் கேட்பதா, பத்திரத்தைக் கேட்பதா, செங்கல்லைக் கேட்பதா?

ஊர் வரலாறு எழுத முற்படும் குழுக்களும், பள்ளி ஆண்டு மலருக்குத் தகவல் திரட்டும் ஆசிரியர்களும், பாட்டனார் வீட்டை இடிப்பதா காப்பதா என்று தயங்கும் குடும்பங்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகின்றனர். ஊரில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது, ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, ஆற்றங்கரையில் பாழடைந்த சத்திரம் ஒன்று இருக்கிறது, கடைத்தெருவில் மரத்தூண் நிறுத்திய வீடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உரியவர்கள் தங்களுடையதே மூத்தது என்கின்றனர். இதைக் கல்வெட்டைக் கொண்டு முடிவு செய்வதா, சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரத்தைக் கொண்டா, தூணின் அமைப்பைக் கொண்டா, செங்கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியா என்பதுதான் அவர்கள் கேட்பது. எல்லாவற்றையும் செய்து பார்க்கப் பணமும் காலமும் இல்லாதவர்கள் எதில் தொடங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

## முதலில், எதன் வயதைக் கேட்கிறோம்?

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டும். சென்னையையே எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர்க் கோயிலை 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். ஆனால் கடற்கரையில் இருந்த பழைய கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தபின் எழுந்ததே இன்று நாம் வணங்கும் கபாலீசுவரர் கோயில். அங்கே மூத்தது தலம், கட்டடம் இளையது. சாந்தோம் பேராலயமும் இதே நிலையில் உள்ளது: போர்ச்சுகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் நின்ற இடத்தில் 1896-இல் நிறைவுற்ற கட்டடம் நிற்கிறது. பல்லாவரம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பொறித்த குடைவரை ஒன்று உள்ளது. இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கும் அது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. ஆனால் அது பாறையைக் குடைந்தது, கட்டியது அன்று. திருவொற்றியூரில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்ட தூங்கானை மாட விமானம், அதாவது பின்புறம் அரைவட்டமாக வளைந்த கருவறைக் கட்டடம், நிற்கிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்துக்கோ 1680 அக்டோபர் 28 என்று அர்ச்சிப்பு நாளே தெரியும்.

ஆக, தலம் என்றால் ஒரு விடை, குடைவரையையும் சேர்த்தால் ஒரு விடை, கல் அடுக்கிய சுவர் என்றால் ஒரு விடை, கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், கட்டியவற்றுள் என்றால் வேறொரு விடை. நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் வரையறை, 'இன்று நிற்கும் சுவரில், கட்டியபோது வைத்த இடத்திலேயே இருக்கும் மிகப் பழைய பகுதியின் வயது' என்பதாகும். தலத்தின் பழமையை அதற்குப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்வேன். வேறு வரையறையும் சரியே. ஆனால் அதைத் தேடலுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விடை தெரிந்த பிறகு வரையறையை மாற்றினால் ஊரில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

## எந்த அளவுகோல்களால் ஒப்பிடுவது

எல்லாவற்றிலும் முதன்மையானது, ஒரு சான்று எந்தப் பக்கத்து எல்லையைக் காட்டுகிறது என்பது. 'இந்தக் கட்டடம் இந்த ஆண்டுக்குப் பிந்தியது அன்று' என்று சொல்லும் சான்று ஒரு வகை. 'இந்த ஆண்டுக்கு முந்தியது அன்று' என்று சொல்லும் சான்று இன்னொரு வகை. 1858-இல் எடுத்த ஒளிப்படத்தில் ஒரு மண்டபம் தெரிந்தால் அது 1858-க்குப் பிந்தியது அன்று. எவ்வளவு முந்தியது என்பதைப் படம் சொல்லாது. இரண்டு எல்லைகளும் கிடைத்து, இடைவெளி குறுகும்போதுதான் வயது என்று ஒன்றைச் சொல்ல முடியும். பெரும்பாலான ஊர்ச் சண்டைகள், ஒருவர் முதல் வகைச் சான்றையும் மற்றவர் இரண்டாம் வகைச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு வாதிடுவதால் எழுபவை.

அடுத்து, சான்று கட்டடத்தையே பேசுகிறதா அல்லது மனையை, தெய்வத்தை, குடும்பத்தைப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பிழை எத்தனை ஆண்டு வரை போகலாம், யாருடைய அனுமதி வேண்டும், கட்டடத்துக்குச் சேதம் உண்டா, பயிற்சியில்லாதவர் செய்தால் எங்கே வழுக்கும் என்பனவும் ஒப்பிட வேண்டியவையே.

## கல்வெட்டு

கோயில் உள்ள ஊருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மன்னன் பெயர், ஆட்சியாண்டு, நாட்டுப் பிரிவு, ஊரின் பழைய பெயர் எல்லாம் ஒரே கல்லில் கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்த நாள், இராசராசனின் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்று கல்லிலேயே இருப்பதால், 1010 என்ற ஆண்டை நாம் தயங்காமல் சொல்கிறோம். வேறெந்த வழியும் நாள் வரை இறங்கிச் சொல்லாது.

செலவும் குறைவு. பல ஊர்களின் கல்வெட்டுகள் 1887 முதல் ஆண்டுதோறும் படியெடுக்கப்பட்டு, இந்தியத் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளிலும் 1890-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் பதிவாகியுள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் மாவட்டவாரியாகக் கல்வெட்டு நூல்களை வெளியிட்டுள்ளது. எனவே சுவரைத் தேடிப் போகும் முன் நூலகத்துக்குப் போய் ஊர்ப் பெயரைத் தேடுவதே முறை. அந்த ஆண்டறிக்கைகளில் கல்வெட்டு அன்று எந்தச் சுவரில் இருந்தது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். இன்று அங்கே போய்ப் பார்த்து அது காணாமல் போயிருந்தால், அதுவே இடையில் திருப்பணி நடந்ததற்கு ஒரு சான்றாகும்.

மறைந்திருக்கும் இடர்கள் மூன்று. முதலாவது, கல் பழையதாகவும் சுவர் புதியதாகவும் இருத்தல். திருவொற்றியூரில் நிருபதுங்கன், அபராசிதன் போன்ற பல்லவர் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அவற்றைக் கொண்டு அங்குள்ள விமானத்தைப் பல்லவர் காலத்தது என்று சொல்லிவிட முடியாது. ஏனென்றால் அதை எடுத்தவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்றும், எடுத்தது இராசேந்திரன் காலத்தில் என்றும் இன்னொரு கல்வெட்டு சொல்லிவிடுகிறது. இரண்டாவது, பழைய வாசகத்தைப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டி வைத்தல். சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது, அதாவது கல்லால் கட்டுவித்தபோது, செங்கல் கோயிலில் இருந்த பழங்கற்களின் வாசகங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று அங்கேயே எழுதியும் வைத்தனர். அந்த நேர்மை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆகவே வாசகத்தில் உள்ள மன்னனின் காலமும் எழுத்தின் வடிவமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று எழுத்தறிந்த ஒருவரிடம் காட்டியே தீர வேண்டும். மூன்றாவது, பின்னாளில் நட்ட நினைவுக்கல். மயிலாப்பூர் லஸ் ஆலயத்தின் கல் 1516 என்கிறது; அத்தனை முந்திய ஆண்டை ஏற்கத் தயங்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. நிகழ்வு நடந்தபோதே வெட்டிய கல்லும், நிகழ்வை நினைந்து பின்னர் வெட்டிய கல்லும் ஒரே எடை உடையவை அல்ல.

ஆண்டு மாற்றத்திலும் கவனம் வேண்டும். சக ஆண்டுடன் 78-ஐக் கூட்ட வேண்டும். குமரி, நெல்லைப் பகுதிகளில் வரும் கொல்லம் ஆண்டுடன் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825-ஐக் கூட்ட வேண்டும். வீட்டு நிலையிலும் கிணற்றுக் கல்லிலும் காணப்படும் தமிழ் வருடப் பெயர்தான் மிகுந்த மயக்கம் தருவது. 'விகாரி வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1839 ஆகலாம், 1899 ஆகலாம், 1959-உம் ஆகலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் எந்தச் சுற்று என்பதை வேறொரு சான்றுதான் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, படிக்க வேண்டிய கல்லே நம் காலத்தில் மறைந்துபோவது. ஒரு சிற்றூர்க் கோயிலில் நானும் நண்பர்களும் அதிட்டானத்துக் (சுவரைத் தாங்கும் அடிப்பீடத்து) கல்வெட்டைத் தேடிப் போனபோது, திருச்சுற்றின் தரையை உயர்த்திப் பளபளப்பான கல் பதித்திருந்தார்கள்; ஆண்டு இருக்க வேண்டிய வரிகள் அதன் அடியில் போய்விட்டன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததன்று. மழைநீர் தேங்குகிறது என்று செய்தது. மணல் பீய்ச்சிச் சுவரைத் துப்புரவாக்கிய கோயில்களில் எழுத்தின் விளிம்பே தேய்ந்துபோயிருக்கும். எனவே திருப்பணி அறிவிப்பு வந்த ஊரில் உள்ளவர்கள் மற்ற எல்லா வழிகளையும் ஒதுக்கிவிட்டு, முதலில் கல்வெட்டுகளை ஒளிப்படம் எடுத்துவிட வேண்டும். மாலைச் சாய்வெயிலில், அல்லது இரவில் பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்து எடுத்தால் எழுத்து எழும்பித் தெரியும். சுண்ணாம்பையோ மாவையோ எழுத்தில் தேய்க்கவே கூடாது.

## கட்டட அமைப்பு

எழுத்தே இல்லாத கோயிலுக்கும் மண்டபத்துக்கும் உரிய வழி இது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூணின் மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகையும், கூரை விளிம்பில் உள்ள கூடும் காலந்தோறும் எப்படி மாறின என்பதை வரிசைப்படுத்திக் காட்டினார். பல்லவர் போதிகையில் அலையலையான தரங்கம். சோழர் காலத்தில் நடுவில் துருத்திய வெட்டுப் போதிகை. விசயநகர, நாயக்கர் காலத்தில் கீழ்நோக்கித் தொங்கும் பூமொட்டு. இந்த மூன்றையும் பிரித்தறிய ஒருவர் ஒரு மாதம் பல கோயில்களில் அண்ணாந்து பார்த்தாலே போதும்; செலவு என்று ஒன்றும் இல்லை.

ஆனால் இதன் துல்லியம் நூற்றாண்டு அளவில்தான். இரண்டு கட்டடங்களுக்கு இடையே முந்நூறு ஆண்டு வேறுபாடு இருந்தால் தீர்ப்புச் சொல்லும். முப்பது ஆண்டு வேறுபாட்டில் வாய் திறக்காது. மரபு பிறழாத தச்சர்கள் உள்ள நாட்டில் பழைய வடிவம் பின்னாளிலும் செய்யப்படும் என்பதையும் மறக்கக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் செய்த பெருந்திருப்பணிகளில், சோழநாட்டுக் கோயில்கள் பல அடியோடு பிரிக்கப்பட்டுப் புதிய கருங்கல்லில் எழுந்தன. பக்தியால் செய்த பெரும்பணி அது. இருப்பினும் கட்டடத்தின் வயதைத் தேடுபவர், கோயில் தேவாரத்தில் இருக்கிறது என்பதால் சுவரும் அந்த வயதுடையது என்று கருதிவிடக் கூடாது.

ஒரே வளாகத்தில் கருவறை ஒரு காலம், அர்த்த மண்டபம் ஒரு காலம், கோபுரம் வேறொரு காலம் என்பதே வழக்கம். தெருவிலிருந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படும் பெரிய கோபுரம் பெரும்பாலும் வளாகத்திலேயே இளையது. எனவே அமைப்பைக் கொண்டு கணிப்பவர் உள்ளிருந்து வெளியே வர வேண்டும்.

## பத்திரமும் அரசுப் பதிவேடும்

வீடு, சத்திரம், கடை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குக் கல்வெட்டு இராது. அங்கே தாய்ப்பத்திரம்தான் முதல் நம்பிக்கை. பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1860-களின் நடுவில் என்பதால், அதற்குப் பிந்திய விற்பனைகளை வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று ஒன்றைப் பற்றி ஒன்றாகப் பின்னோக்கி நடந்து பிடிக்கலாம். கணினியில் ஏறாத ஆண்டுகளுக்குக் கையால் தேடும் மனு போட வேண்டும்; ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் சேரும், நாள்களும் ஆகும். பழைய வருவாய்ப் பதிவுகளில் பசலி என்னும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு வரும். அதனுடன் 590-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் ஏமாந்தவர்கள் பலர், பத்திரம் மனையைப் பேசுகிறதா வீட்டைப் பேசுகிறதா என்று பார்க்காதவர்கள். 1880-இல் விற்ற மனையில் 1930-இல் எழுந்த வீட்டுக்கு 1880 என்று பெயர்ப்பலகை வைத்துவிடுவார்கள். 'மனையும் அதில் கட்டியுள்ள மச்சுவீடும்', 'ஓட்டுவீடும் கிணறும்' என்பது போன்ற சொற்றொடர் எந்தப் பத்திரத்தில் முதன்முதலாக வருகிறது என்பதே நமக்கு வேண்டியது. அதைவிடப் பயனுள்ள ஒரு வழி, நம் வீட்டுப் பத்திரத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மனைகளின் பத்திரத்தில் நான்கெல்லையைப் படிப்பது. 'சத்திரத்துச் சுவருக்குக் கிழக்கு' என்று அண்டை வீட்டார் ஒருவர் எழுதி வைத்திருந்தால், அந்தச் சத்திரம் அந்த நாளில் நின்றது என்பதற்கு அதைவிட நடுநிலையான சாட்சி கிடைக்காது. தன் கட்டடத்தின் பழமையைப் பெருக்கிச் சொல்ல அவருக்கு எந்தத் தேவையும் இல்லை.

நத்தத்தில், அதாவது ஊரின் குடியிருப்பு நிலத்தில், உள்ள வீடுகளுக்கு ஒரு தனித் தடை உண்டு. பழைய நில அளவையில் ஊர்நத்தம் முழுவதையும் ஒரே எண்ணில் சேர்த்துவிட்டார்கள். வீடு வீடாகப் பிரித்து அளந்தது பல பத்தாண்டுகள் கழித்தே. ஆகையால் 'அ' பதிவேடு என்னும் வருவாய்த் துறை நிலப் பதிவேட்டில் வீட்டைத் தேடி ஏமாறுவதைவிட, நகராட்சி இருந்த ஊராயின் வீட்டுவரிப் பதிவேட்டைத் தேடுவது நல்லது. கோவை, சேலம் போன்ற ஊர்களில் நகராட்சி 1866 முதலே உண்டு. கோயில், மடம், சத்திரம், பள்ளிவாசல் ஆகியவற்றுக்கு இனாம் (கொடையாக அளித்த) நிலம் இருந்திருந்தால், 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் தொகுத்த பதிவேட்டில் அதை யார், எதற்காக அளித்தார் என்ற குறிப்புக் கிடைக்கக்கூடும். கும்பினிக் காலத்துப் பொதுக்கட்டடமாயின் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள ஆவணங்கள் 1670 வரை பின்னோக்கிச் செல்கின்றன.

## வரைபடமும் ஓவியமும் ஒளிப்படமும்

இவை விரைவாகப் பார்த்துவிடக்கூடியவை. பல இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய ஓவியர்கள் 1792-93-இல் தென்னாட்டைச் சுற்றி வரைந்தார்கள். லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி முதலிய ஊர்களை ஒளிப்படம் எடுத்தார். உங்கள் ஊர் அவர்கள் வழியில் இருந்தால் அது நற்பேறு. ஓவியர் அழகுக்காக மரத்தை நகர்த்துவார், ஒளிப்படக் கருவி நகர்த்தாது என்பதால் இரண்டில் ஒளிப்படத்துக்கே எடை அதிகம். வரைபடத்தில் ஒரு கட்டடம் இல்லை என்பதை மட்டும் வைத்து அது அன்று இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அளந்தவர் கோட்டையையும் சாலையையும் மட்டும் குறித்திருக்கலாம்.

## செங்கல், சாந்து, ஓடு, உத்திரம்

வீடுகளுக்கு நான் மிகவும் நம்பும் வழி இது. கட்டுமானப் பொருள் ஒவ்வொன்றும் ஊருக்குள் வந்த காலம் ஒன்று உண்டு. அதற்கு முன் அந்தப் பொருளால் கட்டியிருக்க முடியாது. சீமை ஓடு என்று நாம் சொல்லும் மங்களூர் ஓட்டை பாசல் மிஷன் என்னும் கிறித்தவ சமயப் பணி அமைப்பு 1865-இல் மங்களூரில் செய்யத் தொடங்கியது; ஆகவே அந்த ஓடு வேய்ந்த கூரை அதற்கு முந்தியது அன்று. முத்திரை குத்திய இரும்பு உத்திரம் இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பிந்தியதோ என்று கொள்ளலாம். சுண்ணாம்புக் காரை இல்லாமல் முதலிலேயே சிமெண்டில் பூட்டிய சுவர் என்றால் 20-ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டோம். மறுபக்கத்தில், இன்றைய செங்கல்லைவிட நீள அகலத்தில் பெரிதாகவும் தட்டையாகவும் இருக்கும் செங்கற்களாலான அடித்தளம் மிகப் பழைய காலத்தைக் காட்டலாம். மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அத்தகைய பெருஞ்செங்கல் முருகன் கோயில் வெளிப்பட்டது.

பொருள் எதைச் சொல்கிறது என்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. சீமை ஓடு கூரையின் வயதைச் சொல்கிறது, வீட்டின் வயதை அன்று. நாட்டு ஓடு வேய்ந்திருந்த 200 ஆண்டு வீட்டில், குரங்குத் தொல்லைக்காகவோ மழைக்கசிவுக்காகவோ பின்னர் சீமை ஓடு போட்டிருப்பார்கள். ஓட்டின் முதுகில் உள்ள ஆண்டு ஓடு சுட்ட ஆண்டாக இல்லாமல், தொழிற்சாலை தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். தேக்குத் தூணும் நிலைவாசலும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு விலைக்குப் போவது நம் ஊர்களில் இன்றும் நடக்கும் வணிகம். ஆகையால் இடம்பெயர முடியாத பகுதிகளை, அதாவது அடித்தளம், சுவரின் உட்பகுதி, கிணற்று உறை ஆகியவற்றை, இடம்பெயரக்கூடிய தூண், கதவு, ஓடு ஆகியவற்றைவிட மேலாக மதிக்க வேண்டும். தளம் பெயர்ந்த மூலை, பூச்சு உதிர்ந்த இடம் ஆகியவற்றில் பார்த்தாலே பெரும்பாலும் போதும். பார்ப்பதற்காக நல்ல பூச்சைத் தட்டிவிட வேண்டாம்.

## ஆய்வகக் காலக்கணிப்பு

கீழடிக்குப் பிறகு, ஒரு மாதிரியை அனுப்பினால் ஆண்டு வந்துவிடும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கட்டடங்களுக்கு அது அவ்வளவு எளிதன்று. கரிமக் கணிப்பு உயிருள்ளவற்றின் எச்சத்தை, அதாவது சாந்தில் கலந்த உமியை, கரித்துண்டை, மரத்தை அளக்கிறது; மரம் எப்போது வளர்ந்தது என்பதைச் சொல்லுமே தவிர எப்போது வீட்டில் ஏறியது என்பதைச் சொல்லாது. சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்வாங்குவதால் சாந்தையே அளக்கவும் வழியுண்டு. ஆனால் வேகாத கிளிஞ்சல் துணுக்கு ஒன்று கலந்திருந்தாலும் விடை பல நூற்றாண்டு பின்னோக்கி ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, 1650-க்குப் பிந்திய காலத்தில் கரிம அளவை ஆண்டாக மாற்றும் வளைகோடு ஏறி இறங்கிக் கிடப்பதால் ஒரே அளவுக்குப் பல ஆண்டுகள் பொருந்தும். நம் ஊர்களில் நிற்கும் வீடுகளும் சத்திரங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பெரும்பாலும் அந்தக் காலத்தவையே.

செங்கல் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தை அளக்கும் வெப்ப ஒளிர்வு முறை இதைவிடப் பொருத்தமானது. அதன் பிழை வயதில் 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். 300 ஆண்டுச் சுவருக்கு 15 முதல் 30 ஆண்டு. ஊரின் மற்ற கட்டடத்துக்கும் இதற்கும் நூறாண்டு வேறுபாடு இருக்கக்கூடும் என்றால் பயன்படும். பழைய செங்கல்லைப் பெயர்த்து மீண்டும் அடுக்கியிருந்தால் இதுவும் தவறும்.

மாதிரி எடுப்பது என்பது சுவரைத் துளைப்பது. மைய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னமாயின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், மாநிலச் சின்னமாயின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே நிற்கும். கோயிலாயின் அறநிலையத் துறையின் ஒப்புதலும் வேண்டும். ஊர்க்குழு ஒன்று பணம் திரட்டி முதலில் இதைச் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

## வாய்மொழியும் தலபுராணமும்

'ஆயிரம் ஆண்டுக் கோயில்', 'மன்னர் காலத்துச் சுரங்கம்' போன்றவற்றை ஆண்டுக்கான சான்றாக எடுக்க முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்ல இவற்றை மிஞ்ச ஒன்றும் இல்லை. பழைய கோயில் இருந்த மேடு, மூடிய கிணறு, தாத்தா காலத்தில் மாற்றிய கூரை, வெள்ளத்தில் இடிந்த சுவர் ஆகியவற்றை எழுதப்பட்ட எந்த ஆவணமும் சொல்லாது. மூத்தவர்களிடம் 'எத்தனை ஆண்டு' என்று கேட்காமல் 'உங்களுக்குத் தெரிந்து எந்தப் பகுதி மாறியது' என்று கேட்டால் பயனுள்ள விடை வரும். இது மட்டும் காத்திருக்காது என்பதால் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | காட்டும் எல்லை | துல்லியம் | மறைந்த செலவு | ஏற்ற கட்டடம் |
|---|---|---|---|---|
| கல்வெட்டு | இதற்குப் பிந்தியது அன்று | ஆண்டு, சில இடங்களில் நாள் | எழுத்தறிந்தவரின் உதவி. இடம்மாறிய கல் | கோயில், மண்டபம், மதகு |
| கட்டட அமைப்பு | இரு பக்கமும், தளர்வாக | நூற்றாண்டு | கண் பழகும் காலம்; பின்னாளில் செய்த பழைய பாணி | எழுத்தில்லாத கோயில் |
| பத்திரம், பதிவேடு | இதற்குப் பிந்தியது அன்று | ஆண்டு | தேடல் கட்டணம், அலைச்சல். மனையும் வீடும் குழம்புதல் | 1860-களுக்குப் பிந்திய வீடு, சத்திரம் |
| வரைபடம், படம் | இதற்குப் பிந்தியது அன்று | சில ஆண்டுகள் | மிகக் குறைவு | பெரிய ஊர்களின் பொதுக்கட்டடம் |
| கட்டுமானப் பொருள் | இதற்கு முந்தியது அன்று | பத்தாண்டுகள் | மறுபயன்பாட்டுப் பொருள் | வீடு, கடை, பள்ளி |
| ஆய்வகம் | இரு பக்கமும் | பல பத்தாண்டுகள் | பணம், அனுமதி, சுவரில் துளை | பழஞ்செங்கல் கட்டுமானம் |
| வாய்மொழி | எல்லை இல்லை | இல்லை | பொறுமை | எல்லாம், வழிகாட்டியாக |

## யாருக்கு எது

சோழநாட்டிலோ தொண்டைநாட்டிலோ பழங்கோயில் உள்ள ஊராயின், கல்வெட்டுத் தொகுதியில் தொடங்கிக் கருவறைப் புறச்சுவரின் அமைப்பைக் கொண்டு சரிபார்த்தால் பெரும்பாலும் போதும். வீட்டையும் சத்திரத்தையும் பற்றி அங்கே வாதிடவே தேவையிராது. பல நூற்றாண்டு இடைவெளி இருக்கும்.

இரயில் பாதையாலோ தேயிலைத் தோட்டத்தாலோ ஆலைகளாலோ 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஊராயின் நிலைமை தலைகீழ். அங்கே கோயிலும்கூடப் புதிதாக இருக்கும்; போட்டி பத்து இருபது ஆண்டு இடைவெளியில் நடக்கும். கட்டடப் பாணி அங்கே உதவாது, ஆய்வகம் அறவே உதவாது. கூரை, உத்திரம், சாந்து ஆகியவற்றால் கீழெல்லையும், அண்டை மனைகளின் நான்கெல்லை, வரிப் பதிவேடு ஆகியவற்றால் மேலெல்லையும் வகுத்து இடைவெளியைச் சுருக்குவதே வழி.

செங்கல்லும் மரமும் ஆன மிகப் பழைய கட்டடம் நம் நாட்டில் ஏன் அரிது என்று கேட்பவர்கள் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரையை ஒருமுறை பார்க்க வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்வித்தேன் என்று மகேந்திரவர்மன் அங்கே பொறித்து வைத்தான். அதுவரை கட்டிய கோயில்கள் அவற்றால்தான் ஆயின என்பதும், அவை நில்லா என்பதை அவன் அறிந்திருந்தான் என்பதும் அதிலிருந்து தெரிகின்றன. உங்கள் ஊரில் மேடு ஒன்றில் பெருஞ்செங்கல் சிதறிக் கிடந்தால், தோண்டிப் பார்க்காமல் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலருக்குத் தெரிவியுங்கள். தோண்டிய மண்ணிலிருந்து காலத்தை மீட்க முடியாது.

இரண்டு கட்டடங்கள் கடைசிவரை சமமாக நின்றுவிட்டால், குலுக்கல் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெயர்ப்பலகையில் 'ஊரின் மிகப் பழைய கட்டடம்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'கருவறைச் சுவரில் இன்னின்ன மன்னனின் இத்தனையாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. முன்மண்டபம் பிற்காலத்தது' என்றும், மற்றொன்றில் 'இந்த வீடு இத்தனையாம் ஆண்டுப் பத்திரம் ஒன்றின் எல்லைக் குறிப்பில் இடம்பெற்றுள்ளது' என்றும் எழுதலாம். அடுத்த தலைமுறையில் ஒருவர் வேறொரு கல்லையோ வேறொரு ஓலையையோ கண்டெடுத்தால், பலகையில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். எதையும் அழிக்க வேண்டியிராது.